திறந்த ஹெட்போனா, மூடியதா? முதலில் அறையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 25 வயது. யாழ்ப்பாண நகரில் வேலை, மாதம் 70,000 ரூபா கிடைக்கிறது. சேமிப்பில் 140,000 ரூபா உண்டு. கணினியில் சுடும் விளையாட்டுகள் ஆடுவேன். இரவில் தவில், நாதஸ்வரம் கேட்பேன். திறந்த வகையான பேயர்டைனமிக் டிடி 990 புரோ (250 ஓம்) 78,000 ரூபா. அதற்கு 15,000 ரூபாவுக்கு ஓர் அம்பிளிபயரும் வேண்டும் என்கிறார் கடைக்காரர். மூடிய வகையான ஓடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ் 46,000 ரூபா. 78,000 ரூபாவை மாதம் 14,500 வீதம் ஆறு தவணையில், வட்டியில்லாமல் கட்டலாமாம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கையும் நானும் ஒரே அறையில்தான் இருக்கிறோம். எதை வாங்குவது?
– கோண்டாவில் வாசகர்

பதில்: தம்பி, தவணையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த 'வட்டியில்லாமல்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. 14,500 ரூபாவை ஆறால் பெருக்குங்கள்: 87,000. அதே பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் 78,000. இடையிலுள்ள 9,000 ரூபாதான் வட்டி. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது மாதத்துக்கு 3.2 சதவீதம், ஆண்டுக்கு 38 சதவீதத்துக்கும் மேல். உங்கள் சேமிப்புக்கு எந்த வங்கியும் அதன் அருகில்கூட வட்டி தராது. தவணை வேண்டாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். திறந்த ஹெட்போனின் வெளிப்புறம் வலைக்கண்ணாக இருக்கும். ஒலியும் காற்றும் பின்பக்கமாகவும் போய்வரும். அதனால் ஒலி தலைக்குள் அடைபடாமல் அறையில் பரவி நிற்பதுபோலத் தோன்றும். விளையாட்டில் எதிரியின் காலடி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது தெளிவாகப் பிரியும். 1968இல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414ஐக் கொண்டுவந்ததிலிருந்து இசைப் பிரியர்கள் பலர் இந்த வகையை விடாததற்குக் காரணம் இதுதான். நீங்கள் ஆசைப்பட்டதில் பிழையே இல்லை.

ஆனால் உள்ளே போகும் ஒலி அப்படியே வெளியிலும் கேட்கும். இரவு பதினொரு மணிக்கு நீங்கள் சுடும் ஒவ்வொரு குண்டும் தங்கையின் புத்தகத்தின் மேல்தான் விழும். மின்விசிறியின் இரைச்சலும், திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கியும் தடையில்லாமல் உங்கள் காதுக்குள் வரும். அதை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுவீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்; மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். கெட்ட செவியை எந்தச் சேமிப்பாலும் மீட்க முடியாது.

விலைச்சீட்டில் தெரியாத செலவுகளும் உண்டு. ஓம் என்பது மின்தடையின் அளவு; 250 ஓம் ஹெட்போனுக்கு மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். சாதாரண மடிக்கணினியில் செருகினால் ஒலி மெலிந்துவிடலாம். கடைக்காரர் அம்பிளிபயர் கேட்டது நியாயமே. ஆக உங்கள் உண்மையான விலை 93,000, அதாவது மூடியதன் இரு மடங்கு. அந்த டிடி 990 புரோவின் வயரும் கழற்ற முடியாதது. கதிரைக் காலில் மாட்டி அறுந்தால் பற்றவைக்கத் திறமையான ஆளைத் தேட வேண்டும். எம்40எக்ஸ் 35 ஓம், மடிக்கணினியே போதும். வயரையும் கழற்றி மாற்றலாம்.

தவில் பற்றியும் ஒன்று. பக்கத்து ஊரான இணுவிலின் தவில் கலைஞர் தெட்சிணாமூர்த்தியின் பழைய பதிவுகளைத்தான் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தக் காலப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. இடமும் வலமும் ஒரே ஒலி என்பதால், திறந்த வகையின் விரிவுக்கு நீங்கள் கொடுக்கும் காசு அங்கே முழுப் பயன் தராது. தவிலின் தொப்பிப் பக்கத்தின் கனத்த ஒலியை மூடியது நன்றாகவே காட்டும்.

அதனால் மூடியதையே வாங்குங்கள், காசு கொடுத்து. சேமிப்பில் 94,000 மிஞ்சும். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கையிருப்பு இருக்கும். குறை ஒன்று உண்டு: நம் வெக்கையில் காது வியர்க்கும், போலித்தோல் மெத்தை சில ஆண்டுகளில் உரியும். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மெத்தையை மட்டும் மாற்ற முடியும், அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். இரண்டிலும் ஒலிவாங்கி இல்லை. அணியாக ஆடுவதானால் சட்டையில் குத்தும் சிறியதொன்று போதும். 7.1 (சுற்றிலும் ஒலி கேட்பதுபோன்ற வசதி) என்று அச்சடித்த பெட்டிக்கு மேலதிகமாகக் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10இலேயே விண்டோஸ் சோனிக் என்ற அதே வகை வசதி இலவசமாக இருக்கிறது.

மாதம் 14,500 கட்டத் துணிந்தீர்கள் அல்லவா? அதை உங்கள் கணக்கிலேயே போடுங்கள். தங்கை பரீட்சை எழுதி முடித்து, அறை உங்களுக்குத் தனியாகக் கிடைக்கும்போது ஆசை மாறாமல் இருந்தால், ஆறாம் மாதம் 87,000 கையில் இருக்கும். திறந்ததை 78,000க்கு வாங்கலாம். கடைக்குப் போகவிருந்த அந்த 9,000த்தோடு ஏழாம் மாதத் தொகையையும் சேர்த்தால் அம்பிளிபயரும் வந்துவிடும்.