புவாரோ சுட்டது சரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவின் டிவி தொடரை முதலிலிருந்து பார்த்து, போன வாரம்தான் கடைசிக் கதையான ‘கர்ட்டன்’ முடித்தேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை. எழுபது கதைகளாகக் கொலைக்கு எந்தச் சமாதானத்தையும் ஏற்காதவர், கடைசியில் தானே ஒருவனைச் சுட்டுக் கொல்கிறார். அதிர்ச்சிக்காக ஒட்டவைத்த முடிவு மாதிரி இல்லையா?

ஆர்.கே.

அன்புள்ள ஆர்.கே.,

(இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், அவர் ஏற்கெனவே போட்டு உடைத்துவிட்டார்.)

அகதா கிறிஸ்டி அந்த நாவலை இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்துவிட்டார், வெளிவந்தது 1975இல். நடுவே புவாரோவுக்குப் புதுப்புது வழக்குகளாகக் கொடுத்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் இந்த முடிவு உள்ளே காத்திருந்தது. தொடரை எடுத்தவர்களும் தயார்ப்படுத்தித்தான் வந்தார்கள். 2010இல் வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கதையைத் திரும்பப் பாருங்கள். கொலை செய்தவர்களை விட்டுவிட்டு, ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி கண் கலங்கப் பனியில் நடப்பார் புவாரோவாக நடித்த டேவிட் சூஷே. அந்த ஆள் அன்றைக்கே பாதி உடைந்துவிட்டார்.

அப்புறம், புவாரோ சுட்டுக் கொன்ற அந்த நார்ட்டன். அவன் தன் கையால் யாரையும் கொல்வதில்லை, பேசிப்பேசியே அடுத்தவரைக் கொலைக்குத் தள்ளுகிறவன். புவாரோவின் நண்பர், நம்ம ஹேஸ்டிங்ஸ், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன், அவரையே ஒருவனுக்கு விஷம் வைக்கக் கிளம்ப வைத்துவிடுகிறான். இதை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது?

எனக்கு அந்தக் குண்டுக் காயம்தான் எல்லாமே. தற்கொலை என்று நம்ப வைக்க வேண்டுமென்றால் நெற்றிப்பொட்டின் பக்கவாட்டில் சுட வேண்டும். புவாரோவோ, இரண்டு முட்டையும் ஒரே அளவில் இல்லையென்றால் முகம் சுளிக்கிற ஆசாமி, நெற்றியின் நட்டநடுவில் சுட்டு வைக்கிறார். கையெழுத்துப் போட்ட மாதிரி! ஹேஸ்டிங்ஸ் அதைப் பார்த்தும், வழக்கம்போல, நாலு மாதம் கழித்துப் புவாரோ எழுதி வைத்த கடிதம் வந்த பிறகுதான் விஷயம் புரிகிறது. அந்தக் கடிதம் படிக்கிற பகுதி கொஞ்சம் இழுவை, ஒத்துக்கொள்கிறேன்.

தன்னை அவர் மன்னித்துக்கொள்ளவும் இல்லையே. அன்றிரவே நெஞ்சுவலி மருந்தைக் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்துவிடுகிறார்.

உங்கள் தூக்கத்துக்கு ஒரு மருந்து சொல்கிறேன். 2013இல் வந்த கடைசி ஐந்து கதைகளில் ‘கர்ட்டன்’ கதையைத்தான் முதலில் படம்பிடித்தார்கள், புவாரோ சாவதோடு வேலையை முடிக்க சூஷேவுக்கு மனம் வரவில்லை. அவர் கடைசியாக அந்த மீசையோடு நடித்தது ‘டெட் மேன்ஸ் ஃபாலி’ கதைக்காக, டெவனில் கிறிஸ்டி வாழ்ந்த கிரீன்வே வீட்டில்.