முப்பத்திரண்டு ஆசனம், மூச்சுக்கு நேரமில்லை

கேள்வி: மூன்று வருடமாகத் தினமும் காலையில் 40 நிமிடம் யோகா செய்கிறேன். 32 ஆசனங்கள் வரும். சிரசாசனத்தில் 5 நிமிடம் நிற்பேன். அடுத்து, இரண்டு கையை ஊன்றி முழு உடம்பையும் படுக்கைவாட்டில் தூக்கி நிறுத்தும் மயூராசனம் பழக ஆசை. ஆனாலும் மனம் அலைவது நிற்கவில்லை. திருமூலர் சொன்ன 16-64-32 மூச்சுக் கணக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அதைத் தொடங்கலாமா? 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தால் இன்னும் ஆழமாகப் போக முடியுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். 40 நிமிடத்தில் சிரசாசனத்துக்கு 5 போனால் மிச்சம் 35. அதற்குள் 31 ஆசனம். படுப்பது, எழுவது, துப்பட்டாவைச் சரிசெய்வது எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஒரு நிமிடம் சொச்சம். வலது, இடது என இருபக்கமும் செய்ய வேண்டியதாக இருந்தால் பக்கத்துக்கு அரை நிமிடம். நிதானமாக விட்டால் மூன்றே மூச்சு. கடைசியில் மல்லாந்து அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம் இதில் எங்கே வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. வரவே வராது என்பது என் ஊகம். உடம்பை இப்படி ஓட்டமாக ஓட்டிவிட்டு, மனம் மட்டும் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறீர்கள்!

ஆழம் என்றால் 33ஆவது ஆசனம் என்று யார் சொன்னார்கள்? யோகத்துக்கு மூல நூலாகச் சொல்லப்படும் பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் 195. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றுதான். இருக்கை ஆடாமலும் சுகமாகவும் இருக்கட்டும் என்கிறது முதலாவது. முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறது அடுத்தது. அது அமைந்த பிறகு மூச்சுக்குப் போய்விடுகிறார் மனிதர். மயூராசனம் என்ற பேச்சே இல்லை.

இன்று உலகம் முழுக்க நடக்கும் யோகா வகுப்புகளில் பெரும்பகுதி எப்படியோ ஒரு மனிதரிடம் போய் நிற்கும்: திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1930களில் மைசூர் அரண்மனையில் பயிற்சிக்கூடம் நடத்தியவர். பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் இருவரும் அவரிடம் பயின்றவர்கள். 1950களில் சென்னைக்கு வந்து, நூறு வயதைக் கடந்து, 1989இல் இங்கேயே மறைந்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இன்றும் இருக்கிறது. அந்த மரபு வற்புறுத்துவது ஒன்றைத்தான்: அசைவு மூச்சுக்குள் அடங்க வேண்டும். நீங்கள் நாளைக் காலையே இதைச் செய்து பார்க்கலாம்.

நேராக நில்லுங்கள். கை இரண்டும் பக்கத்தில். மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்குங்கள்; கை இன்னும் அசையக் கூடாது. மூச்சு கிளம்பிய பிறகுதான் கை கிளம்ப வேண்டும். முன்பக்கமாக மெதுவாகத் தலைக்கு மேலே போகட்டும். கை மேலே போய் நின்ற பிறகும் மூச்சில் ஒரு துளி மிச்சம் இருக்க வேண்டும். அப்புறம் வெளிமூச்சு தொடங்கட்டும், அதன் பின்னால் கை இறங்கட்டும். கை தொடையைத் தொட்ட பிறகுதான் மூச்சு முடிய வேண்டும். வாய் மூடியே இருக்கட்டும். கண்ணாடியில் ஆவி படிய ஊதும்போது தொண்டை எப்படிச் சுருங்குமோ அப்படி லேசாகச் சுருக்கிக்கொண்டால் மூச்சு மெல்லிய ஓசையோடு போய்வரும். அந்த ஓசை முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக இருக்கிறதா என்று காது கொடுங்கள்.

கேட்க இவ்வளவு சுலபமாக இருக்கிறது. செய்து பாருங்கள், கை பாதி வழியில் இருக்கும்போதே மூச்சு தீர்ந்துபோகும். நாலைந்து முறைக்குப் பிறகு மூச்சும் கையும் ஒன்றாகவே கிளம்பிவிடும், நீங்கள் சாயங்காலச் சமையலுக்கு என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். மனம் எந்த இடத்தில் நழுவுகிறது என்று கையும் மூச்சுமே காட்டிக்கொடுக்கும். கண்ணை மூடி உட்கார்ந்து மனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, உங்களைப் போல் ஓடிப் பழகியவர்களுக்கு இந்த மெல்லிய அசைவுதான் தியானத்துக்கு நல்ல வாசல். இதே முறையில் முன்னால் குனியும்போதும் முறுக்கும்போதும் வெளிமூச்சு, நெஞ்சை விரித்து நிமிரும்போது உள்மூச்சு. 32 ஆசனத்தில் 8 போதும்.

உடம்பின் நேர்த்தி என்ற விஷயத்தில் ஐயங்காரை விட்டால் ஆளில்லை. காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கை தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு வெறி. தொட்டுவிடுவோம். ஆனால் நெஞ்சு தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும், மேல் தோள் முன்னால் சரிந்திருக்கும், கீழ்ப்பக்க விலா மடங்கி மூச்சு அங்கே போகவே போகாது. கைக்குக் கீழே ஒரு மரக்கட்டையோ சின்ன ஸ்டூலோ வைத்துப் பாருங்கள். தோள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமரும், நெஞ்சு பக்கவாட்டில் திறக்கும், இரண்டு பக்க விலாவும் மூச்சுக்கு விரியும். ஐயங்கார் கட்டை, பெல்ட், நாற்காலி, சுவர், கயிறு என்று எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது இதற்குத்தான். அது முடியாதவர்களுக்கான சலுகை என்று நினைத்து நம் ஆட்கள் கட்டையைத் தொடக் கூச்சப்படுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் கட்டை அழகாக இருக்காது போலிருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஆளில்லாதபோது மூச்சையே கேளுங்கள். ஆசனத்தில் இருக்கும்போது வெளிமூச்சு வெட்டி வெட்டி வந்தால் கொஞ்சம் பின்வாங்குங்கள். ஆனால் எல்லாவற்றையும் மூச்சு சொல்லிவிடாது. பத்மாசனத்தில் முழங்கால் வலித்தால் மூச்சு சீராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அங்கே திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது திரும்பாவிட்டால் முழங்காலைத் திருகித்தான் காலைத் தூக்கி வைக்கிறோம், முழங்கால் அப்படித் திருகுவதற்காக அமைந்த மூட்டு அல்ல. சிரசாசனமும் அப்படித்தான். பாரத்தை முன்கைகளும் தோள்களும் பெரும்பாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கழுத்து நெரிகிறது என்றால் 5 நிமிடம் என்ன, அரை நிமிடமும் வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும். குளுக்கோமா என்ற கண் நரம்பு நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நீங்கள் பரிசோதித்துக்கொண்டீர்களா என்று கடிதத்தில் இல்லை.

இனி 16-64-32. வாட்ஸ்அப்பில் வந்ததாக இருந்தாலும் சரக்கு அசல்தான். இடது நாசியில் 16 மாத்திரை இழுத்து, 64 நிறுத்தி, 32இல் விடும் கணக்கு திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இருக்கிறது. மாத்திரை என்பது பழைய கால அளவு; அதற்கு ஒரு நொடி என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 112 நொடி, அதாவது ஒரே மூச்சு ஏறத்தாழ இரண்டு நிமிடம். நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உடம்பை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும்தான் வரும். சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு, இல்லாவிட்டால் அது பழக்குகிறவனையே கொன்றுவிடும் என்று ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் எச்சரிக்கிறது. அந்த வரியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. நிறுத்தம் கிடையாது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். உள்மூச்சில் இதயத் துடிப்பு சற்று விரையும், வெளிமூச்சில் தணியும். வெளிமூச்சை நீட்டும்போது உடம்பு அமைதியாவதற்கு அதுவும் ஒரு காரணம். உட்கார்ந்தால் முதுகு கூன்விழுகிறதென்றால் மடித்த போர்வையை முதுகுக்கு நெடுக்காக வைத்துப் படுத்தே செய்யுங்கள். ஐயங்கார் மரபில் பிராணாயாமத்தைத் தொடங்குவதே படுத்துக்கொண்டுதான். 5 நிமிடம் போதும், அப்புறம் சவாசனம், அதற்கு 7 நிமிடமாவது. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் எழுந்து குக்கரைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

கடைசியாக அந்த 200 மணி நேரம். அது யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு ஆசிரியர்களைப் பதிவுசெய்துகொள்ள வைத்திருக்கும் ஆரம்ப அளவு. ஒரு மாதத்துக்குள் முடித்துச் சான்றிதழ் கையில் தரும் இடங்கள் ரிஷிகேஷில் நிறைய உண்டு. பிறருக்குச் சொல்லித்தர எண்ணமிருந்தால் சேருங்கள். ஆழமாகப் போகத்தான் வேண்டும் என்றால், அந்தப் பணத்தை வைத்து வாரத்துக்கு ஒரு நாள் உங்கள் ஒருவரை மட்டும் பார்த்துச் சொல்லித்தரும் ஆசிரியரைத் தேடுங்கள். முதல் நாள் உங்களை ஏழெட்டு ஆசனத்தோடு நிறுத்தி, மூச்சு விடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார் என்றால் சரியான ஆள். எரிச்சலாகத்தான் இருக்கும். மயூராசனத்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.