பயத்துக்கு ‘அலே’, தேவைக்கு ‘மீட்’

பள்ளி பஸ் பற்றிய உங்கள் ஆங்கிலக் கடிதத்தில் பயத்துக்கும் தேவைக்கும் எந்த வினைச்சொல் பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள். பெற்றோரின் பயத்தைப் போக்க ‘அலே’ (allay), பிள்ளைகளின் தேவையைப் பூர்த்தி செய்ய ‘மீட்’ (meet). இரண்டு இடத்திலும் நீங்கள் போட்டிருக்கும் ‘செட்டல்’ (settle) சரிவராது. கடனையோ தகராறையோ செட்டல் செய்யலாம்.

தமிழில் பயம், பசி, தேவை, சந்தேகம் எல்லாவற்றையும் ‘தீர்க்கிறோம்’. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். போதாததற்கு, மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் ஒர்க்‌ஷாப் முதல் கிராணி (எழுத்தர்) மேசை வரை ‘செட்டல்’தானே ஓடுகிறது!

வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘அலே’க்குப் பின் ஆள் வராது; பயம், கவலை, சந்தேகம் மாதிரி ஒன்றுதான் வரும். ‘அலே த பேரண்ட்ஸ்’ தப்பு, ‘அலே த பேரண்ட்ஸ் ஃபியர்ஸ்’ சரி. பெற்றோரையே நேராகக் குறிக்க வேண்டுமென்றால் ‘ரீஅஷூர்’ (reassure, தைரியம் சொல்வது) போடுங்கள். ‘அப்பீஸ்’ (appease) வேண்டவே வேண்டாம். அது கோபக்காரருக்கு விட்டுக்கொடுத்து வாயடைப்பது. தோட்டத்துக்கு பஸ் ஏன் இருட்டிய பிறகு வருகிறது என்று நியாயமாகக் கேட்டவர்களுக்கு அந்தச் சொல் குத்தும்.

‘மீட்’ இருக்கும் இடத்தில் ‘சாட்டிஸ்ஃபை’யும் (satisfy) தப்பில்லை. ‘அஸ்வேஜ்’தான் (assuage, தணிப்பது) இரண்டு பக்கமும் கால் வைக்கும்: குற்றவுணர்வு, துக்கம் ஒரு பக்கம், பசி, தாகம் மறுபக்கம். ஆனால் கொஞ்சம் கதைநடை. பள்ளிக் கடிதத்தில் ஒட்டாது.

அப்புறம், கூட்டத்தில் வாசிப்பதாக இருந்தால் ‘அலே’யில் இரண்டாம் அசையை அழுத்துங்கள். முதல் அசையை அழுத்தி ‘ஆலி’ (alley) என்றால் சந்து என்று பொருள்.