வருகைப்பதிவு, பாடச்சுமை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூன்று தாள்கள் அரியர். நடப்பு செமஸ்டர் தாள்களோடு அவற்றையும் எழுத விடுவார்களா? அந்த வகுப்புகளுக்கு மறுபடியும் போக வேண்டுமா? – மயிலாடுதுறை வாசகர்

பதில்: கலை, அறிவியல் கல்லூரி என்றால் பொதுவாகத் தடையில்லை, வகுப்புக்கும் போக வேண்டியதில்லை. வருகை குறைந்து செமஸ்டரையே மீண்டும் படிப்பவர்களுக்குத்தான் அந்தக் கட்டாயம். அரியருக்கான தேர்வுக் கட்டணத்தைத் தனியாகக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: மற்ற பட்டப்படிப்புகளைப் போல பி.எட். படிப்புக்கும் 75 சதவீத வருகை போதும்தானே? – கும்பகோணம் வாசகி

பதில்: போதாது. பாட வகுப்புகளுக்கு 80, பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்கு 90.

கேள்வி: நாகை மாவட்டக் கிராமத்திலிருந்து மன்னார்குடிக்கு வந்து பட்டப்படிப்பு படிக்கிறேன். எங்கள் மாவட்டத்துக்கு மழை விடுமுறை விட்ட நாட்களிலும் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். சம்பா நடவுக்கு வீட்டில் ஆள் இல்லாததால் லீவ் லெட்டர் கொடுத்துத்தான் நின்றேன். இப்போது 68 சதவீதம் என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறை அவருடைய மாவட்டத்தில் உள்ள கல்லூரிகளுக்கே பொருந்தும். மன்னார்குடி திருவாரூர் மாவட்டம். அங்கே கல்லூரி நடந்திருந்தால் அது வேலை நாள்தான். சாலையில் தண்ணீர் நின்று பேருந்து வராத நாள் என்றால், அதே வாரத்தில் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கல்லூரியே மூடப்பட்ட நாள் கணக்கில் சேராது. ஆனால் அதை ஈடுகட்டச் சனிக்கிழமை வகுப்பு வைத்தால் அது கணக்கில் சேரும். அந்தச் சனிக்கிழமைகளைத் தவறவிட்டவர்கள்தான் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

அடுத்தது லீவ் லெட்டர். இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன: லீவ் லெட்டர் வருகை ஆகாது. சொல்லாமல் நின்றதற்கான நடவடிக்கையிலிருந்து அது உங்களைக் காப்பாற்றும், அவ்வளவுதான். செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாட்கள் என்றால், 75 சதவீத வருகை போக மீதி 25 சதவீதமாகிய 22 நாட்களுக்குள் காய்ச்சல், கல்யாணம், துக்கம், நடவு எல்லாம் அடங்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் காரணமில்லாமல் பத்து நாள் நின்றவருக்கு, ஐப்பசி அடைமழையில் கையில் ஒன்றும் மிஞ்சாது. காலைப் பேருந்தைத் தவறவிட்டு வாரம் இரண்டு நாள் முதல் வகுப்பை இழப்பவர், மணிக்கணக்கில் பதிவு செய்யும் கல்லூரியில் மொத்தத்தில் ஏழெட்டு சதவீதத்தை இழக்கிறார். ஒரு மணி நேரம் போனாலே அரை நாள் கழிக்கும் கல்லூரியில் இழப்பு இதைவிடப் பெரிது.

கல்லூரிகளையும் நான் குறை சொல்கிறேன். மாதந்தோறும் வருகைப் பட்டியலை ஒட்டாமல், ஹால் டிக்கெட் தரும் வாரத்தில் மட்டும் சதவீதத்தைச் சொல்லும் துறைகள் மாணவருக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்பே தருவதில்லை. வயல் வேலைக்கு ஆள் கிடைக்காத ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய அநீதி. பட்டியலை ஒட்டாவிட்டால் மாதக் கடைசியில் நீங்களே போய்க் கேளுங்கள்.

68 சதவீதத்துக்கு வழி உண்டு. 65 முதல் 75 வரை உள்ளவர்களை, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வெழுத விடுவதே பொதுவான நடைமுறை. முதல்வர் பரிந்துரைக்க வேண்டும். விண்ணப்பத்தில் நடவு என்றே உண்மையை எழுதுங்கள். பொய்யான மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்டால் தேர்வோடு பிரச்சினை நிற்காது.

கேள்வி: பாடத்தை மாற்ற முடியுமா? உடனே பதில் தேவை.

பதில்: எந்தப் பாடம், எந்த செமஸ்டர், எந்தக் கல்லூரி என்று எதையும் எழுதாமல் உடனடிப் பதில் கேட்டால் என்ன சொல்வது? வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம் (நான்-மேஜர் எலெக்டிவ்) என்றால், வகுப்பு தொடங்கிய முதல் சில நாட்களில், இரு துறைத்தலைவர்களும் கையெழுத்திட்டால், இடமும் இருந்தால் மாறலாம். வாய்மொழி அனுமதியை நம்பி வேறு வகுப்பில் உட்காராதீர்கள். பழைய வகுப்பின் பதிவேட்டில் ஆப்சென்ட் விழுந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: பி.காம். படித்துக்கொண்டே தொலைநிலையில் இன்னொரு பட்டம் படிக்கலாமா? – திருவாரூர் வாசகர்

பதில்: படிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 முதல் இதை அனுமதிக்கிறது. தொலைநிலைப் படிப்புக்குக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். இரண்டும் நேரடிப் படிப்பு என்றால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது.

கேள்வி: என்.சி.சி. முகாம் நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வந்ததாகவே கணக்கிடும் பதிவு) தானாக வருமா? – பட்டுக்கோட்டை மாணவி

பதில்: தானாக எதுவும் வராது. புறப்படும் முன் என்.சி.சி. அதிகாரியின் கடிதத்தைத் துறையில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். திரும்பிய வாரமே, முகாமில் கலந்துகொண்ட சான்றோடு, பதிவேட்டில் ஏற்றப்பட்டதா என்று நேரில் பாருங்கள்.