பதிவறையில் இருந்த அப்பாவுக்கு, சர்வர் பக்கம் போகும் மகளைப் பற்றி

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ் பதிவறையில் தூசியோடு கிடந்தேன். மகளை பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைத்தது, அவளும் கோப்போடு கிடக்கவா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆபர் லெட்டரில் 'டாக்குமென்ட் மேனேஜ்மென்ட், சர்வர் கெப்பாசிட்டி பிளானிங்' என்று இருக்கிறது. கோடிங் வேலை இல்லையே, எங்கேயோ ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் இதே வேலையைப் பதினோரு வருஷம் பார்த்தவன் நான். அதனால் நேராகவே சொல்கிறேன்: பாப்பா தாராளமாகச் சேரட்டும். சேர்வதற்கு முன் சில விஷயங்களை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவற்றைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அது என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். உங்கள் பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பதிவறையில் சாதாரண நாளில் எத்தனை கோப்பு கேட்டு வருவார்கள், ஜமாபந்தி நடக்கும்போது எத்தனை கேட்பார்கள்? என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அ-பதிவேடு, அடங்கல், பழைய பட்டா மாறுதல் கோப்பு எல்லாம் ஒரே காலையில் மேசைக்கு வந்தாக வேண்டும். எந்தக் கட்டு கைக்கெட்டும் அலமாரியில் இருக்க வேண்டும், எது மேல் தட்டில் கிடந்தால் போதும், எடுத்துக் கொடுக்க எத்தனை ஆள் வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே யோசித்திருப்பீர்கள். ஒரு பெரிய நிறுவனத்துக்கு, கோடிக்கணக்கான பக்கங்களுக்கு, அதே யோசனையைக் கணக்காகப் போட்டுக் காட்டுவதுதான் உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் வேலை.

கணக்கு எப்படிப் போகும் என்று ஒன்றைக் காட்டுகிறேன். கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு 120 கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். கிளைக்கு ஒரு நாளில் 60 விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு 25 பக்கம். மொத்தம் ஒரு நாளைக்கு 1,80,000 பக்கம். ஏ4 தாளை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று, ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2,480 புள்ளி, உயரத்தில் 3,508 புள்ளி. பெருக்கினால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். முழு கலரில் ஒரு புள்ளிக்கு 3 பைட் வேண்டும்; சுருக்காமல் வைத்தால் ஒரே பக்கம் 26 எம்பி. கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட் போதும், அது சுமார் 1.1 எம்பிதான் வரும். சுருக்கிய பிறகு, தட்டச்சுப் பக்கம் கறுப்பு வெள்ளையில் 50 கேபி என்றும் கலரில் 400 கேபி என்றும் கொள்ளலாம்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை என்றால் ஒரு நாளைக்கு 9 ஜிபி, வருஷத்தில் 300 வேலை நாளுக்கு 2.7 டிபி (ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி). கலர் என்றால் அதே ஒரு வருஷத்துக்கு 21.6 டிபி. கறுப்பு வெள்ளையில் எட்டு வருஷம் சேர்த்தால் எவ்வளவோ, அது கலரில் ஒரே வருஷத்தில் வந்துவிடுகிறது. கிளையில் யாரோ ஸ்கேனரில் ஒரு பட்டனை மாற்றி அழுத்துவதுதான் வித்தியாசம். அதன் மேல் பேக்கப்புக்கு ஒரு பிரதி, வேறு ஊரில் அவசரத்துக்கு ஒரு பிரதி, தேடுவதற்கான இண்டெக்ஸ் என்று சேரும். அப்புறம் ஒரே ஆவணத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு பதிப்பும் இடம் பிடிக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஆவண மென்பொருளான ஷேர்பாயின்ட்டுக்கு டேட்டாபேஸ் அளவைக் கணக்கிட அவர்களே கொடுத்திருக்கும் சூத்திரத்திலேயே, ஆவண எண்ணிக்கையைப் பதிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்குவதுதான் முதல் படி.

எத்தனை வருஷத்துக்கு வைப்பது என்பது அடுத்த கேள்வி. இதில் நீங்கள் உங்கள் மகளுக்கே பாடம் எடுக்கலாம். கோப்பு முடிந்ததும் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று எழுதிப் பிரிப்பீர்களே, ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு என்று. இங்கே அதற்கு ரிடென்ஷன் என்று பெயர். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆவது பிரிவு, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. மற்ற ஆவணங்களுக்கு வேறு வேறு கெடு. இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்யாத நிறுவனம் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்துக்கொண்டு டிஸ்க் வாங்கிக்கொண்டே இருக்கும். நல்ல கெப்பாசிட்டி பிளானர் சர்வரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே, "இதை எப்போது அழிக்கலாம்?" என்றுதான் கேட்பார்.

இடம் கூடப் பரவாயில்லை, காசு கொடுத்தால் கிடைத்துவிடும். நேரம்தான் உண்மையான சிக்கல். என் மூன்றாவது வருஷத்தில் இதே மாதிரி ஒரு நிறுவனத்துக்கு நான் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு வரும் பக்கங்களை 24 மணி நேரத்தால் வகுத்தேன். மேலே சொன்ன எண்ணிக்கையை அப்படி வகுத்தால் நொடிக்கு 2 பக்கம்தான் வரும். அதற்கு ஏற்ற சர்வரைக் கேட்டேன், வாங்கியும் கொடுத்தார்கள். ஆனால் கிளைகளில் காலையெல்லாம் வாடிக்கையாளர் கூட்டம். ஸ்கேன் செய்ய உட்காருவதே நாலு மணிக்கு மேல்தான். முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவான பக்கங்கள் நாலு முதல் ஆறு மணிக்குள் வந்து விழுந்தன. எழுபது சதவீதம் என்று வைத்தாலும் 1,26,000 பக்கத்தை 7,200 நொடியால் வகுத்தால் நொடிக்கு 17-க்கு மேல். போதாக்குறைக்கு, ஸ்கேன் பக்கத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் வேலையையும் நான் ஐந்து மணிக்கே ஓட விட்டிருந்தேன். முதல் மாதக் கடைசியில் கிளைகளில் பெண்கள் இரவு எட்டரை வரை திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிளையிலிருந்து போன் செய்த அம்மா, "சார், எனக்குக் கடைசி பஸ் போயிடும்" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தத் திட்டத்திலும், உச்ச நேரம் எது, அப்போது யார் காத்திருப்பார்கள் என்று கேட்காமல் நான் கால்குலேட்டரைத் தொட்டதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதைப் பாப்பா கல்லூரியில் படித்திருப்பார், ஆனால் எதற்கு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வேலைகள் முன்பின்னாக வந்து விழும் ஒரு சர்வர் பாதி நேரம் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தால், ஒரு வேலை முடிய ஆகும் நேரம் அதன் சொந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு. 80 சதவீத நேரம் வேலை என்றால் ஐந்து மடங்கு. 90 சதவீதம் என்றால் பத்து மடங்கு. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரம் இது. "சர்வர்ல இன்னும் பத்து சதவீதம் சும்மாத்தானே கிடக்கு" என்று மேலதிகாரி சொல்லும்போது, அந்தப் பத்தை ஏன் தொடக்கூடாது என்று எடுத்துச் சொல்லும் தைரியம் இந்தப் புரிதலிலிருந்துதான் வரும்.

பேக்கப்பைப் பற்றி ஒரு வரி. 4 டிபி டேட்டாபேஸ் கெட்டுப்போனால், நொடிக்கு 200 எம்பி வேகத்தில் திரும்பக் கொண்டுவர ஐந்தரை மணி நேரம் ஆகும். ஷேர்பாயின்ட்டில் பொதுவான பயன்பாட்டுக்கு ஆவணங்களைச் சேமிக்கும் ஒரு கன்டென்ட் டேட்டாபேஸை 200 ஜிபிக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்ற பரிந்துரை எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று இந்தக் கணக்கைப் போட்டால் புரியும்.

சரி, எதிர்காலம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். கம்பெனிகள் தங்கள் சொந்த அறையில் சர்வர் வைத்து ஓட்டுவது குறைந்துகொண்டு வருகிறது. ஷேர்பாயின்ட் சர்வர் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு முடியும் தேதியாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2026 ஜூலை 14. நிறைய பேர் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு, போகிறார்கள். அங்கே டிஸ்க்கும் சர்வரும் நொடியில் கூடும். மாசக் கடைசியில் பில்லும் கூடும். அந்த பில் ஏன் வந்தது, எதைக் குறைக்கலாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம். கணக்கு அதேதான். ஆவண மென்பொருள்கள் ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும்: டாக்குமென்டம் 2003-இல் ஈஎம்சியிடம் போய் 2017-இல் ஓப்பன்டெக்ஸ்ட்டிடம் போனது, ஃபைல்நெட் 2006-இல் ஐபிஎம்மிடம், அல்ஃபிரெஸ்கோ 2020-இல் ஹைலேண்டிடம். நம் நாட்டு நியூஜென் நிறுவனத்தின் ஆம்னிடாக்ஸும் இதே களத்தில்தான் இருக்கிறது. அதனால் ஒரே ஒரு மென்பொருளின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பத்து வருஷம் இருந்துவிடக் கூடாது. எஸ்கியூஎல், லினக்ஸ், ஏதாவது ஒரு கிளவுட், லோடு டெஸ்டிங் (சர்வர் எவ்வளவு சுமை தாங்கும் என்று சோதிப்பது) என்று அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டால், நாலைந்து வருஷத்தில் பெர்ஃபாமன்ஸ் இன்ஜினியராகவோ கிளவுட் ஆர்க்கிடெக்டாகவோ நகரலாம். கோடிங்கும் விட்டுப்போகாது. பைத்தான் மாதிரி ஒன்றில் நிரல் எழுதாமல் இந்த எண்களைத் திரட்டுவது கஷ்டம்.

இப்போது பாப்பா கேட்க வேண்டியவை. எந்த மென்பொருள், எந்த வாடிக்கையாளர் துறை என்று கேட்கட்டும். மானிட்டரிங் எண்களைப் பார்க்கவும் அதை வைத்துத் திட்டம் எழுதவும் விடுவார்களா, இல்லை டிக்கெட் மூடுவது, அதாவது வரும் புகார்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து முடிப்பது, மட்டும்தானா என்பது மிக முக்கியம். டிக்கெட் மட்டும் என்றால் சேரலாம், ஆனால் ஒரு வருஷத்துக்குள் திட்டமிடும் குழுவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்; இரண்டு வருஷத்துக்கு மேல் அதிலேயே உட்காரக் கூடாது. நைட் ஷிஃப்ட் எத்தனை நாள், வீட்டில் விட கேப் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். லோடு டெஸ்ட்டைப் பெரும்பாலும் இரவிலும் சனி, ஞாயிறிலும்தான் செய்வார்கள், அதை நீங்களும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பாண்ட் கேட்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், அவ்வளவுதான்.

சேர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் இருந்தால் போதும். அல்ஃபிரெஸ்கோவின் இலவச கம்யூனிட்டி பதிப்பை டாக்கர் என்ற நிறுவும் கருவி வழியாக அதில் நிறுவச் சொல்லுங்கள். ஒரு சின்ன பைத்தான் நிரலால் ஐம்பதாயிரம் பிடிஎஃப் உருவாக்கி ஏற்றட்டும். பிறகு ஜேமீட்டர் என்ற லோடு டெஸ்ட் கருவியை வைத்து ஒரே நேரத்தில் பத்துப் பேர், ஐம்பது பேர், இருநூறு பேர் தேடுவது போல அனுப்பி, எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்று குறிக்கட்டும்: பிராசஸரா, மெமரியா, டிஸ்க்கா, தேடல் இண்டெக்ஸா. லேப்டாப் திணறும், திணறட்டும். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி, "இதுவே மூன்று வருஷத்தில் மூன்று மடங்கானால் என்ன வேண்டும்?" என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜமாபந்தி வாரத்தில் எந்தக் கோப்பை முதலில் எடுத்து வைப்பீர்கள், ஏன் என்று அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள் ஐயா. பாப்பா குறிப்பு எடுத்துக்கொள்ளட்டும்.