ஐஎஸ்ஓவை சிடில போட்டாச்சு, ஆனா பூட் ஆகலையே?

கேள்வி: வீட்ல 1 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப், எக்ஸ்பி போட்டது, ரொம்ப ஸ்லோ. பப்பி லினக்ஸ்னு பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடற சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட ஐஎஸ்ஓவ விண்டோஸ் 10 லேப்டாப்ல டவுன்லோட் பண்ணி சிடில எழுதிட்டேன். சிடிய போட்டு ரீஸ்டார்ட் பண்ணினா மறுபடியும் எக்ஸ்பிதான் வருது. என்ன தப்பு?

முதல்ல ஒண்ணு பண்ணுங்க, அந்த சிடிய லேப்டாப்ல போட்டு உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் உக்காந்திருந்தா விஷயம் முடிஞ்சுது, பாட்டு காப்பி பண்ற மாதிரி பண்ணிட்டீங்க. பத்துல எட்டு பேர் இதத்தான் செய்வாங்க, நானும் செஞ்சு நாலு சிடிய வீணாக்கினவன்தான். ஐஎஸ்ஓங்கறது ஒரு முழு சிடியோட அச்சு, பூட் ஆகறதுக்கு பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடற புரோகிராம்) தேடுற குறிப்பும் அந்த அச்சுக்குள்ளதான் இருக்கு. அத அப்படியே பிரிச்சு எழுதணும், மூட்டையோட தூக்கி வைச்சா பயாஸுக்கு வெறும் மூட்டைதான் தெரியும்.

இன்னொரு விதமாவும் மாட்டுவாங்க. விண்டோஸ் 10ல ஐஎஸ்ஓவ டபுள் கிளிக் பண்ணினா அது ஒரு டிரைவ் மாதிரி திறந்துக்கும், உள்ள இருக்கற ஃபைல எல்லாம் இழுத்து சிடில போட்டுட்டு, எல்லாம் சரியாத்தானே இருக்கு ஏன் பூட் ஆகலன்னு மண்டைய பிச்சுப்பாங்க. அதுவும் வேலைக்காகாது, அந்த பூட் குறிப்பு ஃபைலா தெரியாது, காப்பில வராது.

சரியான வழி: ஐஎஸ்ஓ மேல ரைட் கிளிக், "பர்ன் டிஸ்க் இமேஜ்". அந்த ஆப்ஷனே காணோம்னா வின்ரார், செவன்-ஜிப் மாதிரி ஏதாவது ஐஎஸ்ஓவ தன் கைக்குள்ள எடுத்துக்கிட்டிருக்கும், "ஓப்பன் வித்"ல போயி விண்டோஸ் டிஸ்க் இமேஜ் பர்னர எடுங்க. "வெரிஃபை"ன்னு ஒரு டிக் இருக்கும், மறக்காம போடுங்க. பர்ன் பண்றதுக்கு முன்னாடி டவுன்லோட் முழுசா வந்துதான்னும் பாத்துக்கங்க: கமாண்ட் ப்ராம்ப்ட்ல செர்ட்யூட்டில் கமாண்ட மைனஸ் ஹேஷ்ஃபைல்னு போட்டு, ஐஎஸ்ஓ ஃபைல் பேரும் கடைசில எம்டி5 இல்ல ஷா256ன்னும் சேத்து ஓட்டினா, ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீள நம்பர் வரும், டவுன்லோட் பண்ணின பக்கத்துல கொடுத்திருக்கறதோட எம்டி5ன்னா எம்டி5, ஷா256ன்னா ஷா256, ஒத்துப்போகணும். ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப இறக்குங்க.

சிடி விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதம். ரீரைட்டபிள் வேணாம், பழைய டிரைவோட லென்ஸ் அத படிக்கத் திணறும், சாதா சிடி-ஆர் வாங்குங்க. ஸ்பீட் மாத்த முடியற சாஃப்ட்வேர்னா, உதாரணமா இம்ஜ்பர்ன், ஸ்பீட குறைச்சு 16எக்ஸ்ல எழுதுங்க, அவசரம் வேணாம். சிடி 700 எம்பிதான் கொள்ளும், பப்பியோட பல வெர்ஷன் அதுக்குள்ள அடங்கிடும், அப்ப டிவிடி தேவையில்ல, அந்தக் காலத்து டெஸ்க்டாப்ல டிவிடி படிக்காத டிரைவ்கூட இருக்கும். ரொம்ப பழைய சிபியுன்னா 32 பிட் பப்பிதான் எடுக்கணும், பயோனிக்பப்32 மாதிரி.

இவ்வளவும் சரியா இருந்தும் எக்ஸ்பியே வந்தா பூட் ஆர்டர்தான், அதாவது சிடி, ஹார்ட் டிஸ்க்ல எத முதல்ல பாக்கணும்ங்கற வரிசை. ஆன் பண்ணின உடனே எஃப்12 தட்டிப் பாருங்க, இன்டெல் போர்டுன்னா எஃப்10, மெனு வந்ததும் சிடி டிரைவ தேர்ந்தெடுங்க. மெனு வரலன்னா டெலீட் இல்ல எஃப்2 அடிச்சு பயாஸுக்குள்ள போயி சிடிய ஹார்ட் டிஸ்குக்கு மேல ஏத்துங்க.

பப்பி வந்ததும் இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, அவசியமே இல்ல. 2003ல ஆஸ்திரேலியாக்காரர் பேரி காலர் ஆரம்பிச்சப்பவே ராம்ல ஓடணும்ங்கறதுதான் எண்ணம், அதனாலதான் பழைய மெஷின்லயும் பறக்குது. முதல் தடவ ஷட்டவுன் பண்றப்ப சேவ் பண்ணவான்னு கேக்கும், ஆமான்னு சொன்னா ஹார்ட் டிஸ்க்ல ஒரு சேவ் ஃபைல் வைச்சுக்கும், எக்ஸ்பி அப்படியே இருக்கும், சிடிய எடுத்துட்டா வழக்கம்போல எக்ஸ்பி வரும். ஒரே ஒரு விஷயம், பப்பில நீங்கதான் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள யூசர், எதையும் அழிக்க முடியும், அதனால எக்ஸ்பி டிரைவ மவுண்ட் பண்ணி (பப்பில திறந்து) அதுக்குள்ள கைய வைக்கறதுக்கு முன்னாடி போட்டோ கீட்டோ இருந்தா ஒரு காப்பி எடுத்து வைச்சுக்கங்க.