கிராமத்தில் வீடு வாங்க அரசுக் கடன் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பண்ருட்டிக்கு அருகிலுள்ள ஓர் ஊராட்சியில் வசிக்கிறோம். தானே புயலுக்குப் பின் அரசு உதவியுடன் கட்டிய கான்கிரீட் வீடு என் பெயரில் இருக்கிறது. திருமணமான என் மகன் புதுச்சேரியில் தனியார் நிறுவனமொன்றில் மாதம் 35,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறான். எங்கள் ஊரிலேயே விலைக்கு வந்துள்ள ஒரு வீட்டை வாங்க நினைக்கிறான். கிராமத்தில் வீடு வாங்க அரசு குறைந்த வட்டியில் கடன் தருவதாகவும், 5,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாகவும் ஒருவர் கூறுகிறார். நம்பலாமா?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அரசின் வீட்டுக் கடன் உதவித் திட்டங்களில் கடன் கொடுப்பது வங்கியோ வீட்டுவசதி நிதி நிறுவனமோதான். அரசு அதற்கு மானியம் தருகிறது, அவ்வளவே. விண்ணப்பிக்க இடைத்தரகர் எவரும் தேவையில்லை.

ஊராட்சிப் பகுதிகளுக்கென உள்ள பெரிய திட்டங்கள் இரண்டு. பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிகளில் வீடு ஒன்றுக்கு 1.20 லட்சம் ரூபாயும், தமிழக அரசு 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாயும் வழங்கப்படுகின்றன. இவை குடிசையில் இருப்போரும் வீடில்லாதோரும் தம் சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்வதற்கான உதவிகள். கட்டிய வீட்டை விலைக்கு வாங்க இவை பயன்படா.

வாங்குவோருக்கு உதவுவது, 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியப் பிரிவு. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்குள்ளும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால், கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் கணக்கிடப்பட்டு, அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணைகளில் தரப்படுகிறது. ஒவ்வொரு தவணையும் வரும்போது கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். நகையை விற்றாவது கடனைச் சீக்கிரம் அடைத்துவிட நினைப்பது நம் வழக்கமாதலால், இந்த விதியை அறியாமல் மானியத்தை இழக்க நேரலாம்.

உங்கள் மகனின் வருமானம் இந்த வரம்புக்குள் வருகிறது. சிக்கல் வீடு இருக்கும் இடத்தில்தான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைகளுக்கும், நகர் வளர்ச்சிக்கென அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிகளுக்கும் மட்டுமே இம்மானியம் உண்டு. ஆகவே அதே விலையில் பண்ருட்டி நகராட்சிக்குள் வாங்கினால் கிடைக்கக்கூடிய சலுகை, உங்கள் ஊரில் கிடைக்காமல் போகலாம்; இது நியாயமாக எனக்குப் படவில்லை என்றாலும் விதி இப்படித்தான் உள்ளது. சில ஊராட்சிகள் திட்டப் பகுதிக்குள் வருவதுண்டு. சர்வே எண்ணைக் கொடுத்து, கடலூரில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.

உங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடந்த 20 ஆண்டுகளில் அரசு வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றவர்களுக்கும், நாட்டில் எங்கேனும் நிரந்தர வீடு உள்ளவர்களுக்கும் இத்திட்டத்தில் இடமில்லை. தானே புயல் வீசியது 2011 டிசம்பர் 30இல் என்பதால், நீங்கள் விண்ணப்பித்தால் தள்ளுபடியாகும். ஆனால் திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் மட்டுமே. எனவே மகன் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கோ அவர் மனைவிக்கோ வேறு வீடு இருக்கக் கூடாது. உங்களை இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மானியம் இல்லாவிட்டாலும் சாதாரண வீட்டுக் கடன் பெறலாம். 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வழங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார். கிராமத்து வீடுகளில் கடன் தடைப்படுவது பெரும்பாலும் இங்கேதான். குறிப்பாக நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம்) இடமாக இருந்தால், பட்டா விற்பவரின் பெயரிலேயே உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எனக்குத் தையல் தொழில். சம்பளச் சான்று இல்லாததால் வங்கியில் ஜாமீன்தாரர் கேட்கிறார்கள். அரசே உத்தரவாதம் தருவதாகக் கேள்விப்பட்டேன். கடனைக் கட்ட முடியாமல் போனால் அரசு கட்டிவிடுமா? (உழவர்கரை வாசகி)

பதில்: கட்டாது. நகர்ப்புறங்களில் குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீட்டுக் கடன்களுக்கென ஒரு உத்தரவாத நிதியம் உண்மையில் இருக்கிறது. 2024இல் அதன் தொகையை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடி ரூபாயாக உயர்த்த மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உங்களைப் போன்றோருக்கு ஜாமீன்தாரர் இல்லாமலே கடன் கொடுக்க வங்கிக்குத் துணிவு வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். நிதியம் ஈடுகட்டுவது வங்கியின் நட்டத்தை. உங்கள் கடன் உங்கள் மேல் அப்படியே நிற்கும். தவணை 90 நாள்களுக்கு மேல் தவறினால் வாராக் கடனாக வகைப்படுத்தி, 60 நாள் அறிவிப்பு கொடுத்து, வீட்டைக் கைப்பற்றவும் வங்கியால் முடியும். ஆகவே அந்த நிதியத்தின் கீழ் கடன் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தவணைத் தொகையை மட்டும், தையல் வேலை மந்தமாக இருக்கும் மாதங்களின் வரவை வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மனைவி பெயரில் பத்திரம் பதிந்தால் செலவு குறையுமா? (குறிஞ்சிப்பாடி வாசகர்)

பதில்: சொத்தின் மதிப்பு 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் குறையும். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் அத்தகைய பதிவுகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி உண்டு. 7 சதவீத முத்திரைத் தீர்வையில் மாற்றமில்லை.